வீட்டுக் கணக்கில் பிள்ளைகளுக்கும் ஒரு பக்கம்

எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்கு முன்னால் பேசக்கூடாத விஷயங்கள் சில உண்டு. அவற்றில் முதலிடம் காசுக்குத்தான். பெரியவர்கள் கடன், வாடகை, அடகு என்று பேசத் தொடங்கினால், "பிள்ளைகள் உள்ளே போங்கோ" என்ற சொல் முதலில் வந்துவிடும். நாங்களும் உள்ளே போய்விடுவோம். ஆனால் கோப்பாயில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் பழைய ஓட்டு வீட்டின் அறைச் சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. மேலே ஒரு முழம் இடைவெளி இருக்கும். விறாந்தையில் பேசுவது அறைக்குள் கேட்கும், ஆனால் முழுவதும் கேட்காது. கேட்காத பாதியைப் பிள்ளைகள் தாங்களாகவே இட்டு நிரப்பிக்கொள்வார்கள். இந்தக் கட்டுரை அந்தக் கேட்காத பாதியைப் பற்றியது.

நான் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு மாணவி. சொத்து எது, பொறுப்பு எது என்று பிரித்தறிவதுதான் கணக்கீட்டுப் பாடத்தின் ஆரம்பம். கையில் இருப்பதெல்லாம் நம்முடையது அல்ல, அதில் மற்றவருக்குக் கொடுக்க வேண்டியதும் இருக்கிறது என்று ஆசிரியை விளக்கியபோது எனக்கு அது புதிதாக இருக்கவில்லை. தரம் 9 படிக்கும்போதே வாப்பா அதைச் சொல்லித் தந்துவிட்டார். அது 2022ஆம் ஆண்டு.

அந்த ஆண்டை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். மார்ச் மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தி வைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. சுதந்திரத்துக்குப் பிறகு இலங்கை அப்படி அறிவித்தது அதுவே முதல் தடவை. சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபா வரை ஏறியது. 2,675 ரூபாவுக்கு வாங்கிய 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர் அதே ஏப்ரலில் 4,860 ரூபாவானது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருள்களின் விலை முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 95 வீதம் கூடியிருந்தது. இந்த எண்களை இப்போது பொருளியல் பாடத்தில் படிக்கிறோம். அன்றைக்கு அவை எங்கள் குசினிக்குள் இருந்தன.

எங்கள் வாப்பா புடைவை வியாபாரி. நகரத்தில் உள்ள மொத்தக் கடையில் கடனுக்குத் துணி எடுத்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் மூட்டையாகக் கட்டி, கோப்பாய், இருபாலை, நீர்வேலி, உரும்பிராய் என்று வீடு வீடாகப் போய் விற்பார். வாங்குபவர்களும் பெரும்பாலும் தவணைக்குத்தான் வாங்குவார்கள். இந்தப் பகுதி செம்மண் தோட்டக் காணி. வெங்காயம் கிண்டினால் காசு வரும், காசு வந்தால் வாப்பாவின் தவணையும் வரும்.

அந்த ஆண்டு இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அறுந்தது. 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்ததில் தோட்டக்காரர்கள் ஏற்கெனவே அடிபட்டிருந்தார்கள். அடுத்து, கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. 2022 ஆகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவானது. வருடத் தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் ஜூன் கடைசியில் 470 ரூபா. கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான். நாலு லீற்றரில் எத்தனை ஊர் சுற்றலாம்? சுற்றினாலும், அரிசி வாங்கவே யோசிக்கிற வீட்டில் யார் சேலை வாங்குவார்கள்?

இவையெல்லாம் இப்போது எனக்கு வரிசையாகத் தெரிகின்றன. அப்போது என் தம்பிக்கு ஆறு வயது. அவனுக்குத் தெரிந்தவை வேறு. வாப்பா காலையில் வீட்டில் இருக்கிறார். உம்மாவின் கையில் வளையல் இல்லை. வட்டிக்கு அடகு வைக்க மனமில்லாமல் உம்மா அவற்றை விற்றிருந்தார். இரவில் இரண்டு பேரும் மெதுவாகப் பேசுகிறார்கள், இவன் போனால் நிறுத்திவிடுகிறார்கள். அதே நாட்களில் பக்கத்து ஒழுங்கையில் ஒரு பிள்ளையின் தகப்பன் கட்டாருக்கு வேலைக்குப் போனார். 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக இந்த நாட்டை விட்டுப் போனார்கள். தம்பி இவற்றையெல்லாம் கூட்டி ஒரு விடை கண்டுபிடித்தான். வாப்பாவும் நம்மை விட்டுப் போகப் போகிறார் என்பதே அந்த விடை. யாரிடமும் சொல்லாமல் பல இரவுகள் வாப்பாவின் சறத்தைப் பிடித்துக்கொண்டே தூங்கினான். உண்மையில் வாப்பாவுக்கு வெளிநாடு போகும் எண்ணமே இருக்கவில்லை. மொத்தக் கடைக்குக் கொடுக்க வேண்டிய காசு இல்லை, அவ்வளவுதான். உண்மையைவிடப் பெரிய ஒரு பயத்தை அந்தச் சின்னப் பிள்ளை சுமந்துகொண்டிருந்தான்.

அந்த ஆண்டு ரமழான் ஏப்ரலில் வந்தது. சித்திரை வருடப் பிறப்பும் அந்த மாதத்தில்தான். வழமையாக இரண்டு பெருநாள்களுக்கும் சேர்த்து வாப்பாவின் மூட்டை இரண்டு தடவை காலியாகும். அந்த முறை மூட்டை அப்படியே அறை மூலையில் இருந்தது. பெருநாளுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது, மின்சாரம் இல்லாத ஓர் இரவில், தம்பி அந்த மூட்டையைக் காட்டிக் கேட்டான்.

"இவ்வளவு உடுப்பு இருக்குதே வாப்பா, எனக்கு ஏன் ஒன்று தரமாட்டீங்க?"

உம்மா, "பேசாமல் படு மகன்" என்றார். வாப்பா, "இல்லை, அவன் கேட்கட்டும்" என்றார். மூட்டையை அவிழ்த்து விளக்குக்குப் பக்கத்தில் வைத்தார். "இது எங்கட வீட்டில இருக்கு, ஆனா எங்கட இல்லை மகன். கடைக்காரர் என்னை நம்பித் தந்தது. வித்துக் காசு குடுத்தாத்தான் மிச்சம் எங்களுக்கு. இந்த முறை விற்பனை இல்லை. அதனால பெருநாளுக்குப் புது உடுப்பு இல்லை" என்றார்.

தம்பி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நாங்க ஏழையா?" என்று கேட்டான். வாப்பா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. விரலை மடித்து மடித்துச் சொன்னார். அரிசி இருக்கிறது. இந்த மாத வாடகை கொடுத்தாயிற்று. பாடசாலைக்குப் போகலாம். உம்மா, ராத்தா, உம்மம்மா எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். புது உடுப்பும் கோழிக் கறியும் இந்த முறை இல்லை. கடன் இருக்கிறது, அதை வாப்பா பார்த்துக்கொள்வார். "நீங்க எங்கயும் போகமாட்டீங்களா?" என்று தம்பி கேட்டபோதுதான் அவன் மனதில் என்ன இருந்தது என்று எங்களுக்குத் தெரிந்தது. அன்று இரவு அவன் சறத்தைப் பிடிக்காமல் தூங்கினான்.

கடன் அன்றைக்கும் அப்படியேதான் இருந்தது, ஒரு ரூபாகூடக் குறையவில்லை. ஆனால் வீட்டில் ஒரு பாரம் குறைந்தது. மறைப்பதற்காக நாங்கள் செலவழித்த பலம் எங்களிடமே மிஞ்சியது.

இதை எங்கள் வீட்டுக் கதையாக மட்டும் சொல்ல நான் விரும்பவில்லை. யுத்தத்துக்குப் பிறகு வடக்கில் நுண்கடன் எத்தனை குடும்பங்களுக்குள் நுழைந்தது என்பதை நாம் அறிவோம். பெண்கள் குழுவாகச் சேர்ந்து கடன் எடுப்பார்கள். கிழமைக்குக் கிழமை ஆள் வீடு தேடி வந்து அறவிடுவார். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுத்தவர்கள் பலர். 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடனைக் கட்ட முடியாமலிருந்த பெண்களுக்கு நிவாரணம் வழங்க அரசாங்கம் தீர்மானிக்கும் அளவுக்கு நிலைமை போனது. அதே ஆண்டு இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் ஜுவான் பாப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கியும் நுண்கடனில் அகப்பட்ட பெண்களின் நிலையைப் பற்றிப் பேசினார்.

அறிக்கைகளில் அதிகம் வராத ஒருவர் அந்தக் கதையில் இருக்கிறார். படலையைத் திறக்கும் பிள்ளை அவர். அறவிட வருபவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் தாய் பின்வளவுக்குப் போய்விடுவார். "அம்மா வீட்டில இல்லை" என்று சொல்லும் வேலை பிள்ளைக்கு. அந்தப் பிள்ளைக்குக் கடன் என்றால் என்னவென்று யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். ஆனால் கடனுக்காகப் பொய் சொல்லும் பொறுப்பு கிடைத்துவிடும். எட்டு வயதில் அது இரண்டு விஷயங்களைப் படிக்கிறது. ஒன்று, நம் வீட்டில் ஏதோ வெட்கப்பட வேண்டியது இருக்கிறது. மற்றது, அதைக் காப்பாற்றுவது என் கையில் இருக்கிறது. இரண்டுமே பிள்ளைக்குரியவை அல்ல.

வாப்பாவிடம் ஒரு வழக்கம் உண்டு. தவணைக் காசு கேட்கப் போகும் வீட்டில் பிள்ளைகள் மட்டும் நின்றால், காசைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காமல் திரும்பிவிடுவார். "பிறகு வாறன் என்று சொல்லுங்கோ" என்று மட்டும் சொல்வாராம். பெரியவர்களின் கணக்கைப் பெரியவர்களோடுதான் பார்க்க வேண்டும் என்பார். கடன் கொடுத்தவராகவும் கடன்பட்டவராகவும் ஒரே நேரத்தில் இருக்கும் ஒருவர் சொல்வதால், அந்தச் சொல்லுக்கு மதிப்பு அதிகம் என்று நினைக்கிறேன்.

எங்கள் சமூகத்துக்கு இதைவிடப் பெரிய இழப்பின் அனுபவமும் இருக்கிறது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். அந்த மாதத்தில் வடக்கிலிருந்து அப்படி வெளியேறியவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். சிறு தொகைக் காசும் மாற்றுடுப்பும் தவிர எதையும் கொண்டுபோக விடவில்லை. அன்றைக்கு உம்மாவுக்கு ஆறு வயது. 2022இல் தம்பிக்கு இருந்த அதே வயது.

"எங்களுக்கு ஒருவரும் சொல்லத் தேவையிருக்கவில்லை, எல்லாம் கண்ணுக்கு முன்னால போச்சு" என்பார் உம்மா. ஆனால் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்த காலத்தில் உம்மம்மா ஒன்று செய்வாராம். ஒவ்வொரு இரவும் பிள்ளைகளைப் படுக்க வைக்கும்போது, அடுத்த நாளுக்கு என்ன இருக்கிறது என்று சொல்வாராம். நாளைக்கு அரிசி இருக்கிறது, பருப்பு இருக்கிறது, சீனி இல்லை, நாளையன்றைக்கு நிவாரணம் வரும். இவ்வளவுதான். பொய்யாக ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் இழந்த ஒரு தாயிடம் பிள்ளைகளுக்குக் கொடுக்க அடுத்த நாளைப் பற்றிய ஒரு நிச்சயம் மட்டும் மிஞ்சியிருந்தது. 2022இல் வாப்பா விரல் மடித்துச் சொன்னபோது உம்மா ஏன் அழுதார் என்பது இந்தக் கதையைக் கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஆனால் எல்லாவற்றையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. சொல்வதிலும் அளவு உண்டு. மூத்த பெண்பிள்ளைகளாகிய நாங்கள் பலர் இதை அறிவோம். தாய்க்கு மனம்விட்டுப் பேச வேறு ஆள் இல்லாதபோது அவர் எங்களிடம்தான் பேசுவார். எந்தக் கடைக்கு எவ்வளவு, எந்த மாமா கேட்டும் தரவில்லை, வாப்பா யாரோடு என்ன வாக்குவாதப்பட்டார் என்பதெல்லாம் வரும். பதினாலு வயதில் நானும் அப்படிப் பல இரவுகள் கேட்டிருக்கிறேன். உம்மா சொல்லி முடித்துத் தூங்கிவிடுவார். எனக்குத் தூக்கம் வராது, மனதுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பேன். தொகையைத் தெரிந்துகொண்டது எனக்குப் பாரமாக இருக்கவில்லை. யார் யாரோடு மனஸ்தாபம் என்று தெரிந்ததுதான் பாரமாக இருந்தது. அதற்குப் பிறகு அந்த மாமா வீட்டுக்கு வந்தால் முகம் பார்த்துச் சலாம் சொல்லக் கஷ்டமாக இருக்கும். நிலைமையைப் பிள்ளைக்குச் சொல்லலாம். மனக்கசப்பைப் பிள்ளையிடம் இறக்கி வைக்க வேண்டாம். இந்த இரண்டுக்கும் இடையில் கோடு போடுவது பெரியவர்களால் முடியும்.

கடன் வெட்கப்பட்டு ஒளித்து வைக்கும் காரியம் என்று நாம் நினைக்கிறோம். குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று சிறுவயதில் மதரஸாவில் கேட்டபோது நாங்கள் தொழுகை, நோன்பு என்றெல்லாம் சொன்னோம். அது சூரா அல்பகராவின் 282ஆம் வசனம். அது கடனைப் பற்றியது. சிறியதோ பெரியதோ கடனைத் தவணையோடு எழுதிக்கொள்ளவும் சாட்சிகளை வைத்துக்கொள்ளவும் அது பணிக்கிறது. அதற்குச் சற்று முன்னுள்ள 280ஆம் வசனம், கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. எழுதி வைத்து, சாட்சி வைத்து, வெளிச்சத்தில் செய்ய வேண்டிய காரியமாகவே மார்க்கம் கடனைப் பார்க்கிறது. அதை இருட்டுக்குள் தள்ளியவர்கள் நாம்தான்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு சீஆர் கொப்பி இருக்கிறது. ஒரு பக்கத்தில் வாப்பாவுக்கு வர வேண்டியவை, மறுபக்கத்தில் கொடுக்க வேண்டியவை. மாதக் கடைசியில் வாப்பா சொல்ல நான் எழுதுவேன். வாடிக்கையாளர்களின் பெயர்களுக்குப் பதிலாக வாப்பா இலக்கங்களைத்தான் சொல்வார். அவர்களின் மானம் எங்கள் பொழுதுபோக்கு ஆகிவிடக் கூடாது என்பதற்காக. மொத்தக் கடைக் கடன் இன்னும் முடியவில்லை. ஆனால் அது குறைந்துகொண்டு வருவதைப் பக்கம் பக்கமாகப் பார்க்க முடிகிறது.

நான் உயர்தரத்துக்கு வந்தபோது மூன்று பாடத்துக்கும் தனியார் வகுப்புக்குப் போக வழி இருக்கவில்லை. முன்னொரு காலமாக இருந்தால் உம்மா வேறு ஏதாவது காரணம் சொல்லியிருப்பார். இந்த முறை கொப்பியை விரித்து வைத்துப் பேசினோம். கணக்கீட்டுக்கு மட்டும் வகுப்பு. பொருளியலும் வணிகக் கல்வியும் பாடசாலை ஆசிரியைகளை நம்பி, பழைய வினாத்தாள்களை வைத்துப் படிப்பது என்று முடிவெடுத்தோம். சிநேகிதிகள் பின்னேர வகுப்புக்குப் போகும்போது நான் பஸ் ஏறிக் கோப்பாய்க்கு வருகிறேன். கவலை இல்லை என்று சொன்னால் அது உண்மையாகாது. ஆனால் ஏன் என்று எனக்குத் தெரியும். அந்த முடிவில் நானும் இருந்தேன். வாப்பாவுக்கு என்னில் அக்கறை இல்லையோ என்று ஒரு நாளும் நினைக்க வேண்டி வரவில்லை.

தம்பிக்கு இப்போது ஒன்பது வயது. அடுத்த வருடம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. குறைந்த வருமானமுள்ள வீட்டுப் பிள்ளை வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தால் மாதாந்தம் ஒரு கொடுப்பனவு கிடைக்கும். சொந்தக்காரர் ஒருவர் அன்பாகத்தான் அவனிடம், "நீ பாஸ் பண்ணினா வாப்பாவுக்குக் காசு வரும், கடன் கட்டலாம்" என்றார். வாப்பா உடனே குறுக்கிட்டு, "கடன் என்ட மகன், பரீட்சை உன்ட" என்றார். அந்தக் கோடு இதுதான். வீட்டு நிலைமை பிள்ளைக்குத் தெரியலாம். வீட்டைத் தூக்கி நிறுத்தும் தூணாகப் பிள்ளையை நட்டுவிடக் கூடாது. கடையில் ஒரு பொருளின் விலையைக் கேட்டு வருவது, வீண் வெளிச்சத்தை அணைப்பது, மரக்கறித் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்றவை அவன் வயதுக்குப் போதுமான பங்கு. அவற்றை அவன் பெருமையோடு செய்கிறான்.

இதை வாசிக்கும் தாய்மார்களே, தந்தையரே, உங்கள் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பாதி தெரியும். மீதியை அவர்கள் கற்பனையிடம் விட்டுவிடாதீர்கள். என்ன இல்லை என்பதோடு என்ன இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். அது அவர்களால் வந்ததல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏனென்றால் பிள்ளைகள் பெரும்பாலும் அப்படித்தான் நினைத்துக்கொள்வார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதால் உங்கள் மதிப்பு எங்கள் கண்ணில் குறையாது. உங்களுக்காகப் பொய் சொல்லும்படி மட்டும் எங்களைப் படலைக்கு அனுப்பாதீர்கள்.

என் வயதுத் தோழிகளே, வீட்டில் யாரும் சொல்லாவிட்டால் நீங்களே கேட்கலாம். "காசு இருக்குதா?" என்று கேட்க வேண்டாம், அது விசாரணை மாதிரி இருக்கும். "இந்த மாதம் நான் எதைக் கேட்காமல் விடலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். அநேகமான பெற்றோர் முதலில் "ஒன்றும் இல்லை மகள், நீ படி" என்றுதான் சொல்வார்கள். கொஞ்சம் பொறுத்திருங்கள். விளக்கு அணைக்கப் போகும் நேரத்தில் அவர்களே வந்து பேசத் தொடங்குவார்கள்.